ஆடிக்குப் போன பெண்ணை யார் அழைப்பது

அன்புள்ள மகன் தம்பிக்கு,

நலம் என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போகலாம். எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். உனக்கு அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. முழங்கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. தலைமயிரில், சேலையில், சோற்றில், எங்கு பார்த்தாலும் மணல். மெர்சிங் கடற்கரையில் ஒரு சவுக்குத் தோப்பில், கிணற்றடிக் கொட்டகையில் உட்கார்ந்து, பிஸ்கோத்து டின்னைக் கவிழ்த்து அதன்மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். துரையும் துரைசாணியும் கடலில் இறங்கியிருக்கிறார்கள். மழை வந்தால் ஓடி வந்துவிடுவார்கள், நானும் எழுந்து போக வேண்டியிருக்கும். என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது என்று நீ கேலி செய்வாய், செய்துகொள். உன் பெண்டாட்டி ஆடி மாதத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போனவள், ஐப்பசி பிறந்தும் இன்னும் திரும்பவில்லை. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். தெரிந்த விஷயம்தானே என்று பாதியில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடாமல் கடைசிவரை படி.

நான் இங்கே எப்படி வந்து சேர்ந்தேன் என்று நீ இதுவரை கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். நான் சமைக்கிற ரெங்கம் தோட்டத்துப் பங்களாவில் நம் துரையைப் பார்க்க ஆஸ்திரேலியாவிலிருந்து அவருடைய சிநேகிதர் ஒருவர் சம்சாரத்தோடு வந்தார். கப்பலில் ஒரு லாரியையும் கூடவே கொண்டுவந்திருந்தார். மூட்டை ஏற்றுகிற லாரி இல்லை. பின்பக்கத்தில் பலகை அடித்து ஓர் அறை கட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பலகைகளை இறக்கினால் கட்டில், தூக்கி மாட்டினால் சுவர். விளக்கு மாட்டக் கொக்கி, தட்டு செருகச் சட்டம், கூரைமேல் தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. இதிலேயே தூங்கி, இதிலேயே எழுந்து, சயாம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வரப் போகிறார்களாம். கொஞ்சம் மலாய் தெரிந்த சமையல்காரி வேண்டும் என்று கேட்டார்கள். நம் துரை என்னைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்கு அம்மியை இரவல் கொடுப்பது போல என்னைக் கொடுத்து அனுப்பிவிட்டார். மலாக்கா வரைக்கும் நான், அதற்கப்புறம் வேறு ஆள்.

லாரித் துரை இந்த இடத்துக்கு முகாம் என்று பெரிய பெயர் சொல்கிறார். நாலு கம்பம், மேலே அத்தாப்பு ஓலைக் கூரை, சுவர் கிடையாது. இதுதான் கொட்டகை. ஒரு கிணறு, தண்ணீரில் லேசாக உப்புக் கரிக்கிறது. ஒதுங்குவதற்கு நாலு பக்கமும் சாக்கு கட்டிய ஒரு மறைப்பு, காற்றடித்தால் சாக்கு ஒரு பக்கம் போகிறது, மானம் ஒரு பக்கம் போகிறது. ஹாசான் என்கிற மலாய்க்காரர் ஒருவர் இந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறார், விறகும் மீனும் அவர்தான் கொண்டுவந்து தருகிறார். வடகிழக்குக் காற்று தொடங்குகிற காலம், இப்போது யாராவது கடற்கரையில் வந்து தங்குவார்களா என்று அவரே தலையில் அடித்துக்கொள்கிறார். வந்த அன்றைக்கே லாரியின் பின்சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. அதன் அடியில் தென்னை மட்டையைப் போட்டுவிட்டு, புறப்படுகிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்று துரை நிம்மதியாக இருக்கிறார். நான் முன்பக்கத்தில், துரை உட்கார்ந்து ஓட்டுகிற இடத்தில் காலை மடக்கிப் படுக்கிறேன். கியர் கம்பி விலாவில் குத்துகிறது. கடல் அழகாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் ஈர விறகு அணைந்துபோகிறது.

அவர்கள் இருவரும் அலையில் விழுந்து எழுந்து சிரிப்பதைப் பார்த்தால் எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது. அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று உனக்கு எழுத வரவில்லை, பயப்படாதே. நேற்று சூப்பில் உப்புப் போட மறந்துவிட்டேன், துரை ருசியாக இருக்கிறது என்று இரண்டாவது தரம் வாங்கிக் குடித்தார். அவரிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? ஆனால் ஒன்று சொல்கிறேன். ஊர் உலகம் தெரியாத இடத்துக்கு, பாஷை தெரியாத இடத்துக்கு, மழைக்காலத்தில் ஒரு மனிதன் பெண்டாட்டியோடு லாரியில் வருகிறான். லாபிஸிலிருந்து உன் மாமனார் ஊரான பத்து பாகாட்டுக்கு உன்னால் பஸ் ஏற முடியவில்லை. ஸ்டேஷனில் கிராணியாக உட்கார்ந்துகொண்டு போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறாய்.

உன் பக்க நியாயம் எனக்குத் தெரியும். ஆடி கழிந்ததும் பெண் வீட்டார் பெண்ணைக் கொண்டுவந்து விட வேண்டும், அதுதான் முறை. எங்கள் சேலம் பக்கத்தில் அப்படித்தான். நீ என்னிடமிருந்து கேட்டுத்தான் அதைத் தெரிந்துகொண்டாய். ஆனால் அவர்கள் தஞ்சாவூர்ப் பக்கம். அங்கே மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் தட்டோடு வந்து அழைத்துப் போக வேண்டுமாம். ஊரில் இருந்திருந்தால் சேலத்துக்காரனும் தஞ்சாவூர்க்காரனும் சம்பந்தம் செய்திருக்கவே மாட்டார்கள். இந்தச் சீமையில் சாதி சனம் எங்கே கிடைக்கிறதோ அங்கே பெண் எடுக்கிறோம், கொடுக்கிறோம். கல்யாணத்தில் யார் முறைப்படி எதைச் செய்வது என்று தகராறு வந்தபோதெல்லாம் நம் கங்காணியார் நடுவில் புகுந்து, "ரெண்டு பக்கமும் செஞ்சிடுவோம்பா, பூசாரிக்குக் கூட அஞ்சு நிமிசம், அவ்வளவுதானே" என்று முடித்துவைத்தார். அவரும் சம்சாரமும் ஆவணியில் ஊருக்குக் கப்பலேறிவிட்டார்கள். அதற்குப் பிறகு நடுவில் நிற்க ஆளில்லை. நீ லாபிஸில் அவர்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறாய், அவர்கள் பத்து பாகாட்டில் நம்மை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். இப்படியே போனால் இரண்டு முறையும் காப்பாற்றப்பட்டுவிடும், அந்தப் பெண்தான் நடுவில் போய்விடுவாள்.

நீயாவது போ என்று புரட்டாசியில் நான் சொன்னதற்கு, "கூப்புடாத வீட்டுக்கு நான் எதுக்கும்மா போகணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அந்த முகம் எனக்குப் பழக்கமானது. சின்ன வயதில் கோபித்துக்கொண்டு பின்கட்டில் போய் உட்காருவாய். சாப்பிட வா என்று ஒரு தரம் கூப்பிட்டால் வரமாட்டாய், இரண்டாம் தரம் கூப்பிட்டால் பசிக்கவில்லை என்பாய், அதற்கப்புறம் நான் கூப்பிடாவிட்டால் நீயே வந்து தட்டைத் தூக்கிச் சத்தம் செய்வாய். எனக்குச் சிரிப்பு வரும், பரிமாறிவிடுவேன். பெண்டாட்டி விஷயத்தில் அப்படித் தட்டைத் தட்டிப் பரிமாற வைக்க முடியாது தம்பி.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. அவளை அழைத்துப்போக அவள் அப்பாவும் அம்மாவும் லாபிஸுக்கு வாடகைக் கார் பிடித்து வந்த காலையில் நீ ஸ்டேஷனில் இருந்தாய். நான் ரெங்கத்திலிருந்து வந்து உங்கள் குவார்ட்டர்ஸில்தான் தங்கியிருந்தேன். அவர்கள் வாசலில் இறங்கும் சத்தம் கேட்டதும் காப்பியைக் கலந்து, பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டு, பின்னால் குளிக்கிற தடுப்புக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கல்யாணமாகி முதல் தடவையாகப் பிறந்த வீட்டுக்குப் புறப்படுகிற பெண். பூவும் பொட்டுமாகக் கிளம்புகிற நேரத்தில் தாலி அறுத்தவள் வெள்ளைச் சேலையோடு எதிரில் நிற்கக்கூடாது என்று நினைத்தேன். உன் கல்யாணத்திலும் அப்படித்தான், நீ தாலி கட்டியதை நான் சமையல் கொட்டகையின் ஓலை இடுக்கில்தான் பார்த்தேன். யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை. உன் அப்பா போன நாளிலிருந்து எனக்கே அது பழகிவிட்டது.

அவள் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். அடுப்படியில் பார்த்து, பின்னால் வந்து, தடுப்புக்கு வெளியே நின்றாள்.

"அத்தை, உள்ளயா இருக்கீங்க?"

"குளிச்சிக்கிட்டிருக்கேம்மா. நீ போயிட்டு வா."

"ஒரு நிமிசம் வெளிய வாங்களேன். கும்புட்டுட்டுப் போறேன். சொல்லிக்காம எப்படிப் போறது?"

"அதான் சொல்லிட்டியே. நல்ல நேரம் போயிடும், போ தாயி, போ."

நான் குளிக்கவில்லை. அவள் நம்ப வேண்டுமே என்று வாளித் தண்ணீரை மொண்டு மொண்டு சிமெண்டில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்புறம் கொலுசுச் சத்தம் போய்விட்டது. கார் கிளம்பியபிறகு நான் கதவைத் திறந்தேன், கால் மட்டும்தான் நனைந்திருந்தது. அவளுக்கு நல்லது செய்தோம் என்ற திருப்தியோடு போய் அரிசி களைந்தேன். இத்தனை நாளும் அந்தத் திருப்தியில்தான் இருந்தேன்.

முந்தாநாள் தேங்காயும் புளியும் வாங்க மெர்சிங் கடைத்தெருவுக்கு ஹாசானோடு நடந்து போனேன். அங்கே தமிழ்க்கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் ஊர் பேர் விசாரித்தார், சொன்னேன். "லாபிஸ் ஸ்டேசன் கிராணியோட அம்மாவா நீங்க?" என்றவர், நிறுத்து முடித்த புளியை மறுபடியும் தராசில் போட்டார். அவருக்குப் பத்து பாகாட்டில் உன் மாமனார் கடைக்குப் பின்தெருவில்தான் சொந்தக்காரர்கள். என்னவென்று சொல்லுங்கள் என்று நானே கேட்டேன்.

"நான் சொன்னேன்னு வேணாங்கம்மா. மாமியாருக்குப் பொண்ணப் புடிக்கலன்னு அவங்க வீட்டுல பேச்சு. கெளம்புற நேரத்துல மூஞ்சியக்கூடக் காட்டலியாம். கதவச் சாத்திக்கிட்டு உள்ளேருந்தே போ போன்னு வெரட்டுனாங்களாம். அப்புறம் மாப்பிள்ளையும் எட்டிப் பாக்கல. தீபாவளி முடிஞ்சதும் கப்பல்ல ஊருக்கு, தாத்தா வீட்டுக்கு அனுப்பிடலாம்னு இருக்காங்க."

"பொண்ணு என்னங்க சொல்லுது?"

"அத யாரு கேட்டா?"

தேங்காயை வாங்காமலே திரும்பிவிட்டேன். ஹாசான்தான் திரும்பிப் போய் வாங்கிவந்தார்.

தம்பி, அந்தப் பெண்ணைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை, கல்யாணமாகி ஒரு மாதம்கூட நீங்கள் சேர்ந்து இருக்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். லாபிஸில் ஒரு நாள் சந்தையில் பூ வாங்கிவந்தாள். ஒரு முழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, இன்னொரு முழத்தைக் கிள்ளி எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். பக்கத்தில் வந்தபிறகுதான் நினைவு வந்திருக்கிறது. கையில் பூவோடு அப்படியே நின்றாள், முகம் சிவந்துவிட்டது. நான் ஏதாவது சொல்வதற்குள், "இது உங்க தண்ணிப் பானைக்கு அத்தை" என்று பானையின் கழுத்தில் சுற்றிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு முழுவதும் எனக்குத் தண்ணீர் குடிக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது. அப்படிப்பட்ட பெண் கப்பலேறிப் போகப் போகிறாள். அவளைப் பிடிக்காதவள் என்று அவள் மனதில் நான் இருக்கிறேன்.

நேற்று மீன் அரிந்துகொண்டிருந்தபோது, ஏன் முகம் வாடிக்கிடக்கிறது என்று ஹாசான் கேட்டார். மகன் லாபிஸில், மருமகள் பத்து பாகாட்டில் என்றேன். சண்டையா என்றார், இல்லை என்றேன். உடம்பு சரியில்லையா என்றார், அதுவும் இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்து, "அங்கே போக ரோடு இல்லையா?" என்று கேட்டார். கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன், உண்மையாகவே கேட்கிறார். ஆடி மாதத்தை மலாயில் எப்படிச் சொல்வது? ஒரு மாதம் புருஷன் பெண்டாட்டியைப் பிரித்து வைப்போம், சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கக்கூடாது என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிப் பார்த்தேன். இங்கே சித்திரை என்ன, ஐப்பசி என்ன, எல்லா மாதமும் ஒரே வெயில்தானே என்றார். தான் கல்யாணமான நாளிலிருந்து மாமியார் வீட்டிலேயே இருப்பதாகவும், அந்தக் கிழவி இன்னமும் தன்னைத் திட்டுவதாகவும் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோடு இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு மீனை அரிந்தேன்.

உன் அப்பாவுக்கும் ரோஷம் உண்டு, உனக்கு அங்கிருந்துதான் வந்தது. நாங்கள் இந்தச் சீமைக்கு வந்த புதிதில் ஒரு நாள் ஏதோ பேச்சில் கை ஓங்கிவிட்டார். நான் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த தூரத்துச் சொந்தக்காரி வீட்டுக்குப் போய்விட்டேன். அவராக வந்து கூப்பிடுகிறவரை போவதில்லை என்று இருந்தேன், நானாக வருகிறவரை கூப்பிடுவதில்லை என்று அவர் இருந்தார். கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் ரப்பர்ப் பால்மரத்து வாசத்தோடு வாசலில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு, "மாடு பால் கறக்க மாட்டேங்குது" என்றார். எங்களிடம் மாடே கிடையாது. சொந்தக்காரி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். நான் துணியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்துவிட்டேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்கப்புறம் கை ஓங்கவும் இல்லை. வழியெல்லாம் நான் சிரித்துக்கொண்டே வந்தேன், அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவர் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமலே போய்ச் சேர்ந்தபோது உனக்கு நினைவு தெரியாத வயது. எனக்கு அவரைப் பற்றி அடிக்கடி நினைவு வருவது அந்த ஒரு சாயங்காலம்தான். வருவதற்கு நல்ல காரணம் கிடைக்கவில்லை என்று அவர் வராமல் இருந்திருந்தால் நீயே பிறந்திருக்க மாட்டாய்.

எனக்கு அசதியாக இருக்கிறது தம்பி. உடம்பு அசதி தூங்கினால் போய்விடும், இது வேறே. வருஷக்கணக்காக ஒவ்வொரு நல்ல காரியத்திலும் எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கலாம், எந்தப் பக்கமாக ஒதுங்கலாம் என்று பார்த்துப் பார்த்து நடந்த அசதி. நாலு பேர் நல்லா இருக்கட்டும் என்றுதான் ஒதுங்கினேன். யாருக்கும் நல்லது நடந்ததாகத் தெரியவில்லை. இந்தக் கொட்டகைக்குச் சுவர் கிடையாது, முதல் நாள் இங்கே எங்கே ஒளிவது என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் துரைசாணி எழுந்து கண்ணைத் திறந்தால் முதலில் தெரிவது என் முகம்தான். அவளுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள்.

இன்று காலையில் துரைசாணியிடம் பேசிவிட்டேன். மூவாருக்கும் மலாக்காவுக்கும் போக எப்படியும் பத்து பாகாட்டைக் கடந்துதான் போக வேண்டும். அங்கே என்னைக் கொஞ்ச நேரம் இறக்கிவிட வேண்டும் என்று பாதி மலாயிலும் பாதி அடுப்படி இங்கிலீஷிலும் சொன்னேன். மருமகள் என்றதும் அவளுக்கு ஒரே சந்தோஷம், தானும் கூட வந்து பார்க்கிறேன் என்கிறாள். வேண்டாம் தாயே, ஒரு வெள்ளைச் சேலைக்கே அந்த வீடு தாங்குமோ தாங்காதோ என்று தமிழில் சொல்லிவைத்தேன். சக்கரத்தைத் தூக்க ஹாசான் நாளைக்கு ஆள் கூட்டிவருகிறார். குளுவாங்கில் ஓர் இரவு தங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் பத்து பாகாட் போய்ச் சேருவோம். இந்தக் கடிதத்தை இன்றைக்கே ஹாசான் கையில் தபாலுக்குக் கொடுத்துவிடுகிறேன், உனக்கு முன்னாடியே கிடைத்துவிடும்.

தட்டு வாங்கியிருக்கிறேன். மெர்சிங்கில் வெற்றிலை நன்றாக இருக்கிறது, பாக்கும் பழமும் குளுவாங்கில் வாங்கிக்கொள்வேன். தாலி அறுத்தவள் தட்டு எடுத்துக்கொண்டு பெண் அழைக்கப் போவதை நான் எந்தப் பக்கத்திலும் பார்த்ததில்லை, சேலத்திலும் கிடையாது, தஞ்சாவூரிலும் இருக்காது. உன் மாமனார் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பெண்ணைக் கூப்பிடுங்கள் என்பேன். அன்றைக்கு நான் குளிக்கவில்லை, உனக்கு ஆகாது என்று பயந்துகொண்டு ஒளிந்திருந்தேன் என்று அவளிடம் சொல்வேன். வருகிறாயா என்று அவளைத்தான் கேட்பேன், இதுவரை யாரும் கேட்காததால். மாட்டேன் என்று அவள் சொன்னால் தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன், அதற்குமேல் உன்னையும் தொந்தரவு செய்ய மாட்டேன்.

நீ வா என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. வணங்கிப் போ, விட்டுக்கொடு என்றெல்லாம் சொல்லவும் இல்லை. லாபிஸிலிருந்து காலையில் முதல் பஸ் பிடித்தால் நேரத்துக்கு வந்துவிடலாம், அதை மட்டும் தெரிவிக்கிறேன். அவர்கள் வீட்டு வாசலுக்கு ஏழெட்டுப் படி இருக்கிறது, நிச்சயதார்த்தத்தன்று கீழேயே நின்று பார்த்திருக்கிறேன். என் முழங்காலுக்கு அது பெரிய ஏற்றம்தான். நீ வந்தால் உன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறுவேன். வராவிட்டால் தட்டை ஒரு கையிலும் சுவரை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவேன்.

உன் அம்மா